ஸ்காபரோவிலிருந்து ஏஜக்ஸுக்கு ஹொட் டப் கொண்டுபோகவேணும்: புது வீட்டில் முதலே என்னென்ன செய்து வைக்கவேணும்?

திருமலைக்காரி
செப்டம்பர் 6, இரவு 9:42

வணக்கம் உறவுகளே.

ரொறன்ரோவில ஸ்காபரோ வீட்டை வித்துப்போட்டு, கிழக்கால இருக்கிற ஏஜக்ஸுக்குப் போறம். புது வீட்டுத் திறப்பு வாற 12ஆம் தேதி கைக்கு வரும். பழைய வீட்டை ஒக்ரோபர் 30 குடுக்கவேணும். இடையில ஏழு கிழமை. அதுக்குள்ள பின்வளவில இருக்கிற எங்கட ஹொட் டப்பையும், அதுதான் சுடுதண்ணித் தொட்டியையும், கொண்டுபோய் இருத்தவேணும்.

டப் 7 அடிக்கு 7 அடி, உயரம் 36 அங்குலம். ஆறு பேர் இருக்கலாம். வாங்கி ஆறு வருசம். பழைய வீடு மூலைக் காணி எண்டபடியால் லொறி பின்வளவு வரைக்கும் வந்து இறக்கிப்போட்டுப் போனது. புது வீட்டில ரெண்டு பக்கமும் வீடுகள், நடுவில ஒடுங்கின பாதை.

வித்துப்போட்டுப் போங்கோ எண்டுதான் கனபேர் சொல்லீனம். அம்மாவுக்காகத்தான் கொண்டுபோறம். 74 வயது, ரெண்டு முழங்காலும் தேய்வு. குளிர்காலத்தில பின்னேரம் கொஞ்ச நேரம் சுடுதண்ணிக்குள்ள இருந்தா எண்டால் அண்டைக்கு இரவு வடிவா நித்திரை கொள்ளுவா. திருகோணமலையில பிறந்து வளர்ந்தவ. கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறும் ஒவ்வொரு சூடாக இருக்கும், வாளியால அள்ளி அள்ளி ஊத்துவம் எண்ட கதையை எங்கட பிள்ளையளுக்கு டப்புக்குள்ள இருந்துதான் சொன்னவ.

புது வீட்டில 12 அடிக்கு 16 அடி மர டெக் (மேடை) ஒண்டு இருக்கு, தரையில இருந்து மூண்டு அடி உயரம். அதுக்கு மேல வைக்கலாமோ? ஹைட்ரோ வேலைக்கு, அதுதான் மின்சார வேலைக்கு, ஆரைக் கூப்பிடுறது? ஒக்ரோபர் கடைசியில தண்ணி உறைஞ்சு பைப் வெடிக்கிற பயம் இருக்கோ? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

---

மண்வெட்டி
செப்டம்பர் 6, இரவு 11:05

தங்கச்சி, டெக்குக்கு மேல வைக்காதேங்கோ. நான் இன்டர்லொக், கொங்கிரீட் வேலை செய்யிறவன். கணக்கைச் சொல்லுறன், நீங்களே பாருங்கோ.

உந்த அளவு டப் வெறுமையாக 750 இறாத்தல் அளவில இருக்கும். தண்ணி 1,325 லீற்றர் பிடிக்கும் எண்டு வையுங்கோ. ஒரு லீற்றர் ஒரு கிலோ. அதுவே 2,900 இறாத்தலுக்கு மேல. ஆறு பேர் இறங்கினால் இன்னுமொரு 1,000. எல்லாம் சேர்த்து 4,600 தாண்டும். 49 சதுர அடிக்குப் பிரிச்சால் சதுர அடிக்கு 95 இறாத்தல் வருது. வீட்டு டெக்குகளைச் சாதாரணமாகச் சதுர அடிக்கு 40 இறாத்தல் தாங்கிறதுக்குத்தான் கட்டுறவை. அதிலயும் முதல் வீட்டுக்காரர் பெர்மிட் எடுத்துக் கட்டினவரோ எண்டு உங்களுக்குத் தெரியாது.

நிலத்தில கொங்கிரீட் தளம் போடுங்கோ. 8 அடிக்கு 8 அடி, 4 அங்குலத் தடிப்பு. கீழ நல்லாக் குத்தி இறுக்கின சல்லி 6 அங்குலம். ஏஜக்ஸ் பக்கம் களிமண் கூட. களிமண் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருந்து குளிருக்குப் பொங்கும். சல்லி இல்லாமல் நேரே மண்ணில ஊத்தினால் ரெண்டு வருசத்தில ஒரு மூலை எழும்பும். டப் சரிஞ்சால் தண்ணி ஒரு பக்கம் ஏறி நிக்கும், ஃபிரேமும் முறுகும்.

தளம் மட்டமாக இருக்கவேணும். மழைத்தண்ணி வீட்டுச் சுவர்ப்பக்கம் ஓடக்கூடாது. கொங்கிரீட் பலம் 32 எம்.பி.ஏ, காற்றுக் குமிழ் சேர்த்த கலவை எண்டு கேட்டு வாங்குங்கோ. உறைஞ்சு உருகிற இடத்துக்கு அதுதான் சரி. மூட்டையில கலக்கிறதெண்டால் 30 கிலோ மூட்டை 45 வேணும். அதைக் கையால கலக்கி ஒரே நாளில ஊத்துறது ரெண்டு பேரால ஏலாது.

முழுப் பலத்துக்கு 28 நாள். உங்களுக்கு நேரம் இருக்கு, ஆனால் திறப்புக் கிடைச்ச கையோட தொடங்கவேணும்.

---

தாமிரபரணி
செப்டம்பர் 7, காலை 7:18

வணக்கம். நான் பிராம்ப்டன்ல இருக்கேன். எங்க வீட்ல ஹாட் டப் டெக் மேலதான் நாலு வருஷமா இருக்கு. அதனால டெக்கே கூடாதுன்னு ஒரேயடியா சொல்லிட முடியாது.

ஆனா அது ஹாட் டப்புக்குன்னே போட்ட டெக். என்ஜினியர் வரைபடம் போட்டுக் கொடுத்தார், நகராட்சியில பெர்மிட் வாங்கினோம். டப் உட்கார்ற இடத்துக்கு நேர் கீழே மட்டும் தனியா ஆறு தூண், ஒவ்வொண்ணும் பூமிக்குள்ள நாலடி ஆழத்துல கான்கிரீட் அடித்தளம். குளிர் இறங்கற ஆழத்துக்குக் கீழே போகணும்னு இன்ஸ்பெக்டர் குழியைப் பார்த்துட்டுத்தான் கான்கிரீட் ஊத்தவே விட்டார். செலவு தளம் போடறதைவிட ரொம்ப அதிகம். நீங்க வாங்கின வீட்டு டெக்கை நம்பாதீங்க. அந்த விஷயத்துல மேலே எழுதினவர் சொல்றதுதான் சரி.

ஒரு யோசனை: டெக்கை ஒட்டியே தரையில தளம் போட்டுட்டா, டெக்கும் டப்பும் கிட்டத்தட்ட ஒரே உயரம் வரும். அம்மா படி ஏறாம டெக் விளிம்புல உட்கார்ந்து காலை உள்ளே போடலாம். முழங்கால் வலிக்காரங்களுக்கு அது பெரிய உதவி.

---

மண்வெட்டி
செப்டம்பர் 7, காலை 8:02

தாமிரபரணி சொன்னது அருமையான யோசனை. டெக் மூண்டு அடி, டப்பும் மூண்டு அடி. ஆனால் மோட்டர், ஹீற்றர் இருக்கிற பக்கத்தை டெக்கோட அடைச்சுப்போடாதேங்கோ. திருத்த வாறவன் முழங்காலில இருந்து மூடியைக் கழட்ட ரெண்டு மூண்டு அடி இடம் வேணும். டப்பின்ர வெளிப்பெட்டியில எந்தப் பக்கம் கதவு இருக்கெண்டு இப்பவே போய்ப் பார்த்து எழுதுங்கோ.

---

லொறிக்காரன்
செப்டம்பர் 7, பிற்பகல் 1:30

அக்கா, எல்லாரும் டப் வைக்கிற இடத்தைப் பற்றிக் கதைக்கினம். நான் ஒன்பது வருசம் உந்தச் சாமான் தூக்கின ஆள். வேலை கெடுறது வைக்கிற இடத்திலை இல்லை, போற வழியிலை.

டப்பை நாங்கள் படுத்தவாக்கில கொண்டுபோறேல்லை. ஒரு பக்கத்தை நிமித்தி, சில்லுப் பூட்டின சறுக்குப் பலகையில நிறுத்தித்தான் உருட்டுவம். அப்ப அதின்ர 36 அங்குல உயரம் அகலமாக மாறும். 7 அடி அகலம் உயரமாக மாறும். பலகையும் சேர ஏழரை அடி. ஆகவே வழி முழுக்க, ஒரு இடமும் விடாமல், அகலம் ஆகக்குறைஞ்சது 40 அங்குலமும் தலைக்கு மேல 8 அடியும் வேணும். 42 அங்குலம் எண்டால் நிம்மதி.

சுவருக்கும் வேலிக்கும் இடையில எவ்வளவு எண்டு மட்டும் அளந்துபோட்டு "நாலடி இருக்கு" எண்டு சொல்லுற ஆக்கள்தான் கனபேர். காஸ் மீற்றர், ஏசி, தண்ணிப் பைப், ட்ரையர் புகைவாய், நிலவறைச் சன்னலுக்கு முன்னால இருக்கிற கிடங்கு, கேற்றின்ர கொண்டி, மரக்கிளை, முகப்புக் கூரையின்ர தாழ்வாரம், பாதையில படி. உதெல்லாம் ஒவ்வொண்டாக அளக்கவேணும். திரும்புற மூலையில நீளமும் முக்கியம், ஏழடிச் சாமான் அந்த இடத்தில திரும்பவேணும்.

ஒரு வேலை செய்யுங்கோ. பெரிய காட்போட் பெட்டியை வெட்டி 40 அங்குல அகலம், 7 அடி நீளத்தில ஒரு தட்டு எடுங்கோ. அதைத் தரைக்குச் சமாந்தரமாக இடுப்பு உயரத்தில ஒரு ஆள் முன்னால, ஒரு ஆள் பின்னால பிடிச்சுக்கொண்டு ரோட்டில இருந்து டப் வைக்கிற இடம் வரைக்கும் நடவுங்கோ. எங்க இடிக்குதோ அங்க டப்பும் நிக்கும். ஏழரை அடித் தடி ஒண்டை நிமித்திப் பிடிச்சுக்கொண்டு இன்னொருக்கா நடவுங்கோ.

---

பனிப்பூ
செப்டம்பர் 7, மாலை 6:47

லொறிக்காரன் எழுதினதை வாசிக்க நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது, எங்களுக்கு நடந்தது அதுதான். ஒட்டாவாவில மூண்டு வருசத்துக்கு முதல் புது டப் வாங்கினனாங்கள். கடைக்காரர் பாதையைப் பற்றி ஒரு கேள்வியும் கேக்கேல்லை. நாங்களும் கேற்றை மட்டும் அளந்தனாங்கள். டெலிவரி அண்டைக்கு ஏசிப் பெட்டிக்கும் வேலிக்கும் இடையில மூண்டு அங்குலம் காணாமல் போட்டுது. மூண்டே மூண்டு அங்குலம். லொறி திரும்பிப் போச்சு. திரும்ப வாறதுக்குக் கட்டணம், ஏசியை நகர்த்துறதுக்கு லைசென்ஸ் உள்ள ஆளுக்குக் காசு. அதில இருக்கிற வாயுக் குழாயை நாங்கள் கழட்டேலாது. அதுக்குள்ள பனி தொடங்கிட்டுது. ஏப்ரலில்தான் டப் வளவுக்குள்ள வந்தது.

இன்னொண்டும் கேளுங்கோ: உங்களோட கதைச்ச விலை "ரோட்டோரம் இறக்கிறது" மட்டுமோ, தளத்தில கொண்டுபோய் இருத்துறதும் சேர்த்தோ எண்டு எழுத்தில வாங்குங்கோ.

---

நாலுமூலை
செப்டம்பர் 8, காலை 10:11

நான் வீடு விற்பனைத் தொழிலில் இருக்கிறேன். ஒரு விடயம் யாரும் சொல்லவில்லை. சகோதரி, ஸ்காபரோ வீட்டு விற்பனை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்ராறியோ ஒப்பந்தப் படிவத்தில் வீட்டோடு சேர்த்துக் கொடுக்கும் அசையும் பொருட்களுக்கு ஓரிடமும், வீட்டோடு பொருத்தப்பட்டிருந்தாலும் கொடுக்காமல் எடுத்துச் செல்பவற்றுக்கு ஓரிடமும் உண்டு. ஹொட் டப் நேரே மின்சாரத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், அது வீட்டின் பகுதி என்று வாங்குபவர் நினைக்க இடமிருக்கிறது. எடுத்துச் செல்வதாக அதில் எழுதப்பட்டிருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் உங்கள் வழக்கறிஞரோடு இன்றே கதையுங்கள்.

டப்பை எடுத்த பிறகு வயரைத் தொங்க விட்டுவிட்டு வராதீர்கள். எலக்ரீசியன் முறைப்படி முடித்துக் கொடுக்கவேண்டும்.

---

திருமலைக்காரி
செப்டம்பர் 8, இரவு 8:20

ஒப்பந்தத்தைப் பார்த்தன். எடுத்துக்கொண்டு போறது எண்டு தெளிவாக எழுதியிருக்கு. மிக்க நன்றி அண்ணா.

---

ஒளிவிளக்கு
செப்டம்பர் 9, இரவு 10:34

ஹைட்ரோ பகுதியை நான் சொல்லுறன். ஒன்ராறியோவில லைசென்ஸ் உள்ள எலக்ரீசியன்.

முதலில டப்பில ஒட்டியிருக்கிற உலோகத் தகட்டைப் படம் எடுத்து வையுங்கோ. 240 வோல்ட், 40 அம்ப்ஸோ 50 அம்ப்ஸோ எண்டு அதில இருக்கும். புது வீட்டு பிறேக்கர் பெட்டியில ரெண்டு இடம் வெறுமையாக இருக்கு எண்டதுக்காகச் சரி எண்டு நினைக்காதேங்கோ. வீட்டுக்கு வாற மின்சார இணைப்பு, அதுதான் சேர்விஸ், 100 அம்ப்ஸ் எண்டால் அடுப்பு, ட்ரையர், ஏசி, மின்சாரக் கார் சார்ஜர் எல்லாத்தையும் சேர்த்து சுமைக் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்கவேணும். சில வீட்டில சேர்விஸைக் கூட்டவேண்டி வரும். அதுக்குக் கிழமைக் கணக்கில காத்திருக்கவேணும், ஆகவே அந்தக் கணக்கை முதல் கிழமையே செய்விக்கிறது நல்லது.

50 அம்ப்ஸுக்கு நம்பர் 6 செப்புக் கம்பி, நாலு வயர். வெளியில தனிச் சுவிட்ச் பெட்டி ஒண்டு, ஜிஎஃப்சிஐ பாதுகாப்போட, அதாவது மின்கசிவு வந்தால் உடன தானே நிப்பாட்டிற மாதிரி. டப்பில இருந்து பார்த்தால் தெரியிற இடத்தில, ஆனால் ஆகக்குறைஞ்சது 3 மீற்றர் தள்ளி. தண்ணிக்குள்ள இருந்துகொண்டு எட்டித் தொடக்கூடாது எண்டதுக்குத்தான் அந்தத் தூரம். ஹைட்ரோ வயர் மேலால போற இடத்துக்குக் கீழ டப் வைக்கேலாது. வானத்தையும் ஒருக்காப் பாருங்கோ.

வேலைக்கு மின்பாதுகாப்பு அதிகாரசபையில, அதுதான் ஈ.எஸ்.ஏ, அறிவித்தல் பதியவேணும். சொந்த வீட்டு வேலையை வீட்டுக்காரர் தானே செய்து பதியலாம். காசு குடுத்துச் செய்விக்கிறதெண்டால் அதுக்குரிய லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரர்தான் செய்யவேணும். "எனக்குத் தெரிஞ்ச பெடியன் சனிக்கிழமை வந்து செய்து தருவான்" எண்டதைத் தயவுசெய்து விடுங்கோ. தண்ணியும் மின்சாரமும் ஒண்டாகச் சேர்ற இடம், அதுக்குள்ள உங்கட அம்மாவும் பிள்ளையளும் இருக்கப்போகினம்.

கிடங்கு வெட்ட முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிக்கவேணும். சட்டப்படி கட்டாயம், இலவசம். ஐந்து வேலைநாள் முதலே சொல்லவேணும். காஸ், ஹைட்ரோ, கேபிள் எங்க போகுதெண்டு வந்து நிறத்தால குறிச்சுவிடுவினம்.

கடைசியாக, வயர்க் குழாயைக் கொங்கிரீட் ஊத்த முதல் புதைக்கவேணும். டப் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கப்போகுது எண்டு முடிவெடுக்காமல் குழாய் வைச்சால் பிழையான மூலையில வந்து நிக்கும். மண்வெட்டி அண்ணையின்ர ஆக்களும் எலக்ரீசியனும் ஒரே நாளில ஒருக்கால் நிண்டு கதைக்கிறது நல்லது.

---

மண்வெட்டி
செப்டம்பர் 10, காலை 6:55

ஒளிவிளக்கு சொன்ன கடைசி விசயத்துக்கு நூறு வீதம் ஒப்புதல். போட்ட தளத்தை வெட்டித் திருப்பிக் குழாய் விட்ட வேலை எனக்கே ரெண்டு இடத்தில வந்தது.

---

திருமலைக்காரி
செப்டம்பர் 14, இரவு 10:50

திறப்புக் கிடைச்ச அடுத்த நாளே மகனோட போய் அளந்தன். லொறிக்காரன் தம்பி சொன்ன மாதிரி ஃபிரிட்ஜ் பெட்டியை வெட்டித் தட்டு ஒண்டு செய்தனாங்கள். மகன் முன்னால, நான் பின்னால.

சுவருக்கும் வேலிக்கும் இடையில 48 அங்குலம். எனக்கு நல்ல சந்தோசம். பத்தடி போகேல்லை, தட்டு காஸ் மீற்றரில முட்டி மடங்கிப் போச்சு. மீற்றருக்கும் வேலிக்கும் இடையில அளந்தால் 31 அங்குலம். மற்றப் பக்கம் ரெண்டடிப் பாதை, அதால மனுசரே பக்கவாட்டாகத்தான் போகலாம். மகன் பேசாமல் தட்டைச் சுவரில சாத்திப்போட்டு அதிலயே இருந்திட்டான். அம்மாவுக்கு வீட்டில போய் என்ன சொல்லுறது எண்டுதான் எனக்கு ஓடினது.

கிரேன் ஒண்டுதான் வழியோ?

---

லொறிக்காரன்
செப்டம்பர் 15, காலை 5:40

அக்கா, கவலைப்படாதேங்கோ. காஸ் மீற்றரில கைவைக்கிற யோசனையே வேண்டாம். அது காஸ் கொம்பனியின்ர பொருள், நகர்த்துறதெண்டால் அவையள்தான் செய்யவேணும், மாதக் கணக்கில இழுபடும். கிரேன் வரலாம், ஆனால் வீட்டுக்கு மேலால தூக்கிறதெண்டால் பெரிய கிரேன், வீட்டு முன்னால ஹைட்ரோ வயர் இருந்தால் அதுவும் பிரச்சினை. ரோட்டை மறிக்க நகரசபையின்ர அனுமதியும் கேப்பினம்.

ஒண்டைப் பாருங்கோ. உந்த வீடுகள் சோடி சோடியாக ஒண்டுக்கொண்டு கண்ணாடி மாதிரித்தான் கட்டியிருக்கும். உங்கட மீற்றர் நிக்கிற பாதைக்குப் பக்கத்தில, வேலிக்கு அங்கால, பக்கத்து வீட்டின்ர பாதை இருக்கு. அங்க மீற்றரோ ஏசியோ இருக்கோ? இல்லாட்டி அவையின்ர பக்கத்தால பின்வளவு வரைக்கும் போய், பின்வளவில வேலித் தட்டி ஒண்டைக் கழட்டி உங்கட வளவுக்குள்ள திருப்பலாம். தட்டி ஒண்டு எட்டடி. பின்வளவில திரும்ப இடமும் தாராளமாக இருக்கும். நான் செய்த வேலையில கனக்க அப்பிடித்தான் முடிஞ்சது.

---

திருமலைக்காரி
செப்டம்பர் 21, இரவு 9:15

தம்பி, நீங்கள் நல்லாயிருக்கவேணும்.

பக்கத்து வீட்டில ஒரு கயானாக் குடும்பம். புதுசாக வந்த ஆக்கள் முதல் நாளே வேலியைக் கழட்டட்டோ எண்டு கேக்கிறதோ எண்டு எனக்கு ஒரே கூச்சம். அம்மாதான் மட்டன் ரோல்ஸ் சுட்டு ஒரு பெட்டியில போட்டுத் தந்து, "கேட்டுப்பார், மனுசர்தானே" எண்டவ. அந்த வீட்டு அம்மாவுக்கும் முழங்கால் வருத்தமாம். நான் சொல்லி முடிக்க முதல் தன்ர காலைத் தூக்கிக் காட்டுறா. கணவர் அளவு நாடாவோட என்னோட வந்திட்டார். அவையின்ர பக்கம் ஆக ஒடுக்கமான இடம் 46 அங்குலம். தலைக்கு மேல ஒண்டும் இல்லை. புல்லுக்கு மேல பிளைவுட் விரிச்சுத்தான் உருட்டுவம், வேலியை அண்டைக்கே பூட்டித் தருவம் எண்டு சொல்லியிருக்கிறம்.

வன் கோல் ஆக்கள் வந்து குறிச்சிட்டினம். மஞ்சள் கோடு காஸ், சிவப்பு ஹைட்ரோ. எலக்ரீசியன் சுமைக் கணக்குப் போட்டு 100 அம்ப்ஸ் காணும் எண்டார், காருக்குச் சார்ஜர் பூட்டுறதெண்டால் திரும்பக் கதைக்கவேணுமாம். தளம் 27ஆம் தேதி ஊத்தப்போகினம். டப் வாறது ஒக்ரோபர் 25, சரியாக 28 நாள்.

இனி பழைய வீட்டில டப்பை வெறுமையாக்கிறதைச் சொல்லுங்கோ.

---

பனிப்பூ
செப்டம்பர் 22, பிற்பகல் 12:25

வெறுமையாக்கிறது அவசரத்தில செய்யிற வேலை இல்லை. ரெண்டு மூண்டு நாள் முதலே குளோரின் போடுறதை நிப்பாட்டி மூடியைத் திறந்து விடுங்கோ. சோதினைக் கீற்றில பூச்சியம் காட்டின பிறகு தண்ணியைப் புல்லுக்கு மெல்ல விடலாம், பக்கத்து வளவுக்கு ஓடாமல். ரோட்டோர வடிகாலுக்கு விடவேண்டாம். அது சுத்திகரிப்புக்குப் போகாமல் நேரே ஆறுக்கும் ஏரிக்கும் போறது. உங்கட நகரசபை என்ன சொல்லுதெண்டு ஒருக்காக் கேட்டும் பாருங்கோ.

முதல் வேலை பிறேக்கரை நிப்பாட்டிறது. தண்ணி இறங்க இறங்க ஹீற்றர் வேலை செய்தால் எரிஞ்சு போகும். வடிகால் வாயால விட்டால் அரைநாள் எடுக்கும், தண்ணிக்குள்ள இறக்கிற சின்னப் பம்ப் வைச்சால் அரை மணித்தியாலம்.

டப் வெறுமையாகத் தெரிஞ்சாலும் பைப்புகளுக்குள்ள தண்ணி நிக்கும். என்ர தங்கச்சி மொன்றியலுக்கு ஜனவரியில டப் மாத்தினவ. மேல்தண்ணியை மட்டும் இறைச்சுப்போட்டு ஏத்தியிருக்கினம். ரெண்டு நாள் லொறியில நிண்டது. இளவேனிலில தண்ணி நிரப்பினால் அடிப்பக்கமெல்லாம் ஒழுகுது. பைப்புகள் பிரியிற இடத்தில பிளாஸ்டிக் வெடிச்சிருந்தது. ஃபோமுக்குள்ள தோண்டித் தோண்டி எடுத்துத் திருத்தினவை.

ஈரத்தை இழுக்கிற வக்கியூமால ஒவ்வொரு ஜெட் வாயையும் உறிஞ்சுங்கோ, பிறகு ஊதவும் செய்யுங்கோ. காத்து வால்வு எல்லாம் திறந்திருக்கவேணும். பம்பின்ர அடியில இருக்கிற சின்ன அடைப்பானைக் கழட்டுங்கோ. ஃபில்டரை வெளியில எடுங்கோ. ஒக்ரோபர் 25 எண்டால் பகலில உறையாது, ஒரே நாளில ஏத்தி இறக்கினால் பயமில்லை. ஆனால் தளம் பிந்தினால், டப் வெளியில சும்மா நிக்கப்போகுது எண்டால், பைப்புக்குள்ள ரோசா நிற உறைதடுப்புத் திரவம் விடவேணும். கார் எஞ்சினுக்கு விடுறது இல்லை, கரவன் வண்டித் தண்ணிக் குழாய்க்கு விடுறது.

---

லொறிக்காரன்
செப்டம்பர் 22, இரவு 8:58

பனிப்பூ அக்கா எழுதினதோட இன்னும் கொஞ்சம்.

மூடி, மூடி தூக்கிற இரும்பு, படி எல்லாம் தனியாகக் கழட்டி வையுங்கோ. திருகாணியளைப் பையில போட்டு எழுதி ஒட்டுங்கோ. எலக்ரீசியன் வயரைக் கழட்ட முதல் உள்ளுக்க இருக்கிற இணைப்பைக் கிட்டவாகப் படம் எடுங்கோ.

தூக்கேக்க அக்ரிலிக் விளிம்பில ஒருத்தரும் பிடிக்கக்கூடாது, பைப்பில பிடிக்கவே கூடாது. அடியில கடப்பாரை குடுத்து, மரக்கட்டை வைச்சு, பிறகு நிமித்திறது. மோட்டர் பக்கம் நிலத்தில வராத மாதிரி நிமித்தவேணும். எந்தப் பக்கம் நிமித்தலாம் எண்டு மனுவலில இருக்கும், வாற ஆக்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுங்கோ. பட்டி இறுக்கிற மூலையளில காட்போட் வைக்காமல் இறுக்கினால் வெளிப்பலகை பிளக்கும்.

இன்னொண்டு: வெளித் தண்ணிப் பைப்பைக் குளிருக்கெண்டு முந்தியே பூட்டிப்போடாதேங்கோ. டப் நிரப்ப அது வேணும். நிரப்பின பிறகு மறக்காமல் உள்ளுக்க வால்வைப் பூட்டி வெளிப் பைப்பை வடிய விடுங்கோ.

---

தாமிரபரணி
அக்டோபர் 3, இரவு 9:30

ஹோஸைத் தொட்டி நடுவுல போடாம, ஃபில்டர் எடுத்த குழிக்குள்ள விட்டு நிரப்புங்க. பைப்புல காத்து அடைச்சுக்கறது குறையும். மோட்டார் உறுமுது ஆனா ஜெட்ல தண்ணி வரலைன்னா காத்து அடைச்சிருக்குன்னு அர்த்தம். பவரை ஆஃப் பண்ணிட்டு பம்ப் பக்கத்துல இருக்கற வளைய இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தி, காத்து போய்த் தண்ணி கசிய ஆரம்பிச்சதும் இறுக்கிடுங்க. தண்ணி முழுசா நிரம்பாம பிரேக்கரைப் போடாதீங்க.

மூடிக்குப் பூட்டு இருக்கான்னும் பாருங்க. பல நகராட்சியில பூட்டற மூடி இல்லன்னா நீச்சல் குளத்துக்கு மாதிரி வேலி கேக்கறாங்க. ஊருக்கு ஊர் விதி மாறும், ஏஜக்ஸ்ல ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடுங்க. வீட்டு இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லிடுங்க.

---

திருமலைக்காரி
ஒக்ரோபர் 26, காலை 8:12

உறவுகளே, டப் வந்திட்டுது.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு மூண்டு பேர் பழைய வீட்டுக்கு வந்தவை. முதல் நாளே நாங்கள் எல்லாம் உறிஞ்சி வைச்சிருந்தும், நிமித்தின உடன ஒரு வாளி தண்ணி கொட்டிச்சுது. அவ்வளவும் எங்க ஒளிச்சிருந்ததோ தெரியாது.

ஏஜக்ஸில பக்கத்து வீட்டுப் பாதையால உருட்டேக்க நான் மூச்சு விடேல்லை. 46 அங்குலம் எண்டு காகிதத்தில எழுதேக்க பெரிசாகத் தெரிஞ்சது. டப் நிமிந்து போகேக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு கை மட்டும்தான் போகும். ஒருத்தர் முன்னால, ரெண்டு பேர் பின்னால, பிளைவுட் முடிய முடியப் பின்னுக்குக் கிடந்ததைத் தூக்கி முன்னுக்குப் போட்டுக்கொண்டு மகனும் பக்கத்து வீட்டு ஐயாவும். வேலித் தட்டி கழட்டின இடத்தால திரும்பி உள்ள வந்து தளத்தில இருத்தேக்க நேரம் பதினொண்டரை. தளத்தில ஒரு பந்து வைச்சால் நிக்கும், அவ்வளவு மட்டம். குழாய் வந்த மூலையும் சரி. மதியம் வேலி திரும்பவும் ஏறிட்டுது.

எலக்ரீசியன் இணைச்சுப்போட்டு ஜிஎஃப்சிஐ பொத்தானை அமத்தி விழுத்திக் காட்டினவர். ஈ.எஸ்.ஏ பதிவு இலக்கமும் தந்தவர். மூண்டு மணிக்கு ஹோஸை ஃபில்டர் குழிக்குள்ள விட்டு, ஆறு மணிக்கு முன்னமே நிரம்பிட்டுது. தண்ணி 12 பாகை. ஹைட்ரோ விலை குறையிற ஏழு மணி வரைக்கும் பொறுத்துத்தான் பிறேக்கரைப் போட்டனாங்கள். இண்டைக்கு விடிய ஆறு மணிக்கு 36 பாகை.

ஒரு சின்னப் பிரச்சினை. பம்புக்குப் பக்கத்தில நிமிசத்துக்கு ஒரு சொட்டு விழுது.

---

லொறிக்காரன்
ஒக்ரோபர் 26, காலை 9:03

அது பாதையில குலுங்கினதில தளர்ந்த வளைய இணைப்பு. பிறேக்கரை நிப்பாட்டிப்போட்டுக் கையால மட்டும் இறுக்குங்கோ, குறடு போடவேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும். நிக்காட்டி உள்ளுக்க இருக்கிற ரப்பர் வளையம் விலகியிருக்கும். கழட்டி நேராக்கிப் பூட்டவேணும்.

---

திருமலைக்காரி
ஒக்ரோபர் 27, இரவு 8:36

கையால இறுக்கினதோட சொட்டு நிண்டிட்டுது தம்பி.

அம்மா இண்டைக்குப் பின்னேரம் இறங்கினவ. பிரஷர் குளிசை எடுக்கிறவ எண்டபடியால் டொக்டர் சொன்ன மாதிரி 37 பாகைக்கு மேல விடேல்லை, பத்து நிமிசம்தான். டெக் விளிம்பில இருந்து காலை உள்ள வைக்கிற யோசனை அவவுக்கு நல்லாப் பிடிச்சிட்டுது. ஆனால் வெளியில வரேக்க பிடிச்சு எழும்ப ஒண்டும் இல்லை. மகன்ர தோளைப் பிடிச்சுத்தான் எழும்பினவ. வலது முழங்கால்தான் மோசம், ஆகவே இடது கைப்பக்கம் ஒரு கைபிடி வேணும். தளத்தில துளைச்சுப் பூட்டலாமோ?

---

மண்வெட்டி
ஒக்ரோபர் 27, இரவு 9:10

பூட்டலாம். தளத்தின்ர விளிம்பில இருந்து நாலு அங்குலமாவது உள்ளுக்குத் தள்ளித் துளைக்கவேணும், இல்லாட்டி ஓரம் உடைஞ்சு விழும். வாற சனி எனக்கு உங்களுக்குப் பக்கத்து ஊர் விற்பியில வேலை இருக்கு. வரேக்க ட்ரில்லும் போல்ற்றும் கொண்டுவந்து பூட்டித் தாறன்.

---

ஒளிவிளக்கு
ஒக்ரோபர் 27, இரவு 9:48

இரும்புக் கைபிடி எண்டால் அதையும் டப்பின்ர எர்த் இணைப்போட சேர்க்கவேணும். அண்ணை, பூட்ட முதல் எனக்கு ஒருக்கா ஃபோன் அடியுங்கோ. சனி மத்தியானம் நானும் வாறன்.